கம்பியைத் தளர்த்துகிறவர்கள்

சித்தப்பா கல்கத்தாவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாகப் பதினோரு வருஷம் இருந்தார். 1983இல் காரைக்குடிக்குத் திரும்பி வந்தபோது டிரங்குப் பெட்டியோடு ஒரு கிதாரும் வந்து இறங்கியது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் கிதாரை நேரில் பார்த்ததில்லை. சினிமாவில் கதாநாயகன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிப்பான். சித்தப்பாவோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் ஒரு எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் இழுப்பார். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னடா, கோட்டுவாத்தியம் மாதிரில்ல இழுக்கிறே?" என்றாள்.

"ஹவாயன் கிதாரும்மா."

ஹவாயன் என்பது அதைச் செய்த கம்பெனியின் பெயர் என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வாசித்ததெல்லாம் இந்தி சினிமாப் பாட்டும் ரவீந்திர சங்கீதமும்தான். ஹவாய்ப் பாட்டு ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கல்கத்தாவில் அவர் தங்கியிருந்த சந்தில் மூன்று வாத்தியார்கள் இந்த கிதாரைச் சொல்லிக்கொடுத்தார்களாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால், "ஹார்மோனியம் தெரியும், ஹவாயன் கிதார் தெரியும்" என்பார்களாம். பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவில் இருக்கிற ஒரு தீவின் பெயர் வங்காளத்து வரவேற்பறைக்குள் எப்படி நுழைந்தது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில் லாஇயே என்ற ஊரில் இருந்தது. ஹவாயின் ஓஆஹு தீவில், வடகிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஜோசப் கேகூகூ அங்கே 1874இல் பிறந்தார். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ரயில் தண்டவாளம் ஓரமாக நடந்துகொண்டே கிதார் வாசித்தாராம். கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கம்பியில் வைத்து இழுத்துப் பார்த்தாராம். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. பிறகு பள்ளிப் பட்டறையிலேயே வழவழப்பான எஃகுத் துண்டு செய்துகொண்டார், கம்பிகளைப் பலகையிலிருந்து உயர்த்திக் கட்டினார், வருஷக்கணக்கில் பழகினார். அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்ற, இந்தியாவில் பிறந்த ஒருவர் ஹொனலுலுவில் கம்பியை இழுத்து வாசித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. பாட்டி இருந்திருந்தால் உடனே அந்தக் கட்சியில் சேர்ந்திருப்பாள். எனக்குக் கேகூகூவின் கட்சியே போதும். இழுத்துப் பார்ப்பதை யாரும் செய்துவிடலாம். அதை ஒரு வாத்தியமாக்கி, 1904இல் ஊரைவிட்டுக் கிளம்பி, அமெரிக்கா, ஐரோப்பா என்று கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

1915இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பனாமா கால்வாய் திறப்பை ஒட்டி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. வந்துபோனவர்கள் 1.8 கோடிக்கும் மேல். அதில் ஹவாய் மண்டபத்தில் நாள் முழுக்கப் பாட்டு. கேட்டவர்கள் பைத்தியமானார்கள். அடுத்த சில வருஷங்களுக்கு அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடையில் ஹவாய்ப் பாட்டுதான் பறந்தது. அந்த மோகத்தில்தான் மின்கிதாரே பிறந்தது. 1932இல் விற்பனைக்கு வந்து, கடையில் எடுபட்ட முதல் மின்கிதார் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிதார். வடிவத்தைப் பார்த்து 'வாணலி' என்று பெயர் வைத்தார்கள். ராக் இசைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டம் போடுகிற கிதாருக்கு மூதாதை, சித்தப்பா மடியில் படுத்திருந்ததுதான்.

அதே லாஇயேயில் வளர்ந்த இன்னொருவர் டாவ் மோயே. சமோவாவில் பிறந்தவர். 1920களின் கடைசியில் ஒரு இசைக்குழுவோடு ஆசியப் பயணம் கிளம்பினார். மனைவி ரோஸ் கூடவே பாடினார். போன இடத்திலெல்லாம் வாசித்து, பிள்ளைகளையும் பெற்று, அவர்களையும் மேடையேற்றி, ஊர் திரும்ப ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆனது. அதில் 1940களில் பல வருஷம் அவர்கள் இருந்தது கல்கத்தாவில். பெரிய ஹோட்டலில் வாசித்தார், ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்கள் வானொலிக்குப் போனார்கள், இசைத்தட்டுப் போட்டார்கள். சந்துக்கு மூன்று வாத்தியார் வந்தது அப்படித்தான். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் அதற்குக் கூடுதல் கம்பிகள் போட்டு மோகன வீணை என்றார், அமெரிக்க கிதார்க்காரர் ரை கூடருடன் வாசித்து 1994இல் கிராமி வாங்கினார். இந்த ரை கூடர் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

சரி, இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் ஹவாய் இசை என்றால் என் மனதில் இருந்தது ஒரே ஒரு படம். தென்னை மரம், அலை, பூமாலை போட்டு வரவேற்கும் பெண், கண்ணாடிக் குவளையில் குடை செருகிய பானம். இழைந்து இழைந்து போகும் ஓர் உல்லாசப் பயண இசை. காதுக்குச் சுகமாக இருக்கும். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை என்று எனக்குச் சொன்னது இன்னொரு கிதார். என் மகள் வகுப்புக்கென்று வாங்கி, நான்கு மாதத்தில் விட்டுவிட்ட கிதார்.

ஹவாயில் இரண்டு விதமான கிதார் மரபு உண்டு. ஒன்று, மடியில் போட்டு இழுப்பது. மற்றது சாதாரணமாக நிமிர்த்தி வைத்து விரலால் வாசிப்பது. ஆனால் கம்பிகளைத் தளர்த்திவிட்டு. அதற்கு அவர்கள் மொழியில் 'கீ ஹோஆலு' என்று பெயர், தளர்த்திய சாவி என்று பொருள். உலகம் ஸ்லாக்-கீ என்கிறது. இது மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது என்பது எனக்கு முதல் ஆச்சரியம். 1793இல் வான்கூவர் என்ற கப்பல் தலைவர் ஹவாய் மன்னருக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். மாடுகள் பெருகி, காடேறி, முரட்டுக் கூட்டமாகி, தோட்டங்களை மிதித்தன. அவற்றை அடக்க 1830களில் மெக்சிகோ, கலிஃபோர்னியா பக்கத்துக் குதிரைக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் பேசிய 'எஸ்பான்யோல்' ஹவாய்க்காரர் நாக்கில் 'பானியோலோ' ஆனது, இன்றும் அங்கே மாட்டுக்காரருக்கு அதுதான் பெயர். ராத்திரியில் தீ மூட்டி அவர்கள் கிதார் வாசித்தார்கள். உள்ளூர்க்காரர்களும் வாங்கி வாசித்துப் பார்த்தார்கள். ஸ்பானியர் வைத்த சுருதி இவர்கள் தொண்டைக்குச் சரியாக உட்காரவில்லை. தொண்டையை மாற்றவில்லை, கம்பியைத் தளர்த்தினார்கள்.

எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பி, இந்த மூன்றையும் ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும். நடுவில் இருக்கிற மூன்றைத் தொடக்கூடாது. பிருடையைத் திருப்பும்போது தடித்த கம்பி ஒரு முனகல் முனகியது. இறக்கி முடித்து, இடது கையால் எங்கேயும் பிடிக்காமல், சும்மா ஒரு தடவு. ப, ஸ, ப, ஸ, க, ப. அப்படியே தம்புரா! அதில் ஒரு அந்தர காந்தாரமும் சேர்ந்து சிரிக்கிறது. கிதார் வாசிக்கத் தெரியாத நான், ஒரு விரலும் வைக்காமல், முழு ஸ்வரக்கட்டு ஒன்றை வாசித்துவிட்டேன். இந்தச் சுருதிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் 'சேப்பங்கிழங்குப் பாத்தி'. அந்தத் தீவுகளின் சோறு அந்தக் கிழங்குதான்.

இனிமேல்தான் வேலை. கட்டை விரல் தடித்த கம்பிகளில் விடாமல் ஒரு தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி. மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டைச் சொல்லும். ஒரே ஆள் இரண்டு ஆளாக ஒலிக்க வேண்டும். என்னால் எட்டு எண்ணிக்கை வரை தாக்குப்பிடிக்க முடிகிறது, ஒன்பதாவதில் கட்டை விரல் மற்ற விரல்களைப் பார்த்து வேடிக்கை பார்க்க நின்றுவிடுகிறது. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியச் சுருதி இருந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கலைத்துவிட்டுத்தான் கிதாரைக் கீழே வைப்பார்களாம், பக்கத்து வீட்டுக்காரன் கண்டுபிடித்துவிடக்கூடாதே. சித்த வைத்தியர் மூலிகைப் பெயர் சொல்லாத கதைதான். 1973இல் கியோலா பீமர் முதன்முதலாக இதற்கு ஒரு பாடப் புத்தகம் போடும்வரை பழகுவதென்றால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகுவதுதான்.

இந்த மூடிய உலகத்திலிருந்து வெளியே வந்த முதல் குரல் கேபி பஹினுயி. 1921இல் ஹொனலுலுவில் பிறந்தவர், வறுமையான வீடு, படிப்பு பாதியில் நின்றது. ஊரே கொண்டாடும் கலைஞரான பிறகும் பிழைப்புக்கு நகராட்சியில் ரோடு போடும் வேலைதான் பார்த்தார். வாரக் கடைசியில் வைமனாலோவில் அவர் வீட்டுப் பின்கட்டில் வெள்ளி ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிறு வரை பாட்டு நிற்காது. பீர், சாப்பாடு, பிள்ளைகள், வந்தவர் போனவர். ரை கூடர் இங்கேதான் வந்து உட்கார்ந்தார், 1975இல் கேபியின் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டில் வாசித்தார். பின்னாளில் கல்கத்தா வழிவந்த கிதாரோடு அவர் சேர்ந்து வாசித்தபோது, ஒரே மரத்தின் இரண்டு கிளைகளிலும் உட்கார்ந்து பார்த்தவர் ஆகிவிட்டார்.

கேபி 1940களின் பிற்பாதியில் 'ஹிஇலாவே' என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தார். ஸ்லாக்-கீயில் இசைத்தட்டாக வந்த முதல் பாட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். வைப்பியோ பள்ளத்தாக்கில் 1,400 அடிக்கும் மேலிருந்து விழும் ஓர் அருவியின் பெயர் அது. நான் முதலில் கேட்டபோது அருவியைப் பற்றிய பாட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தேன். அருவி கண்ணில் தெரிகிறது, ஆமாம். ஆனால் உடனே ஒரு பெண் குரல் பேச ஆரம்பிக்கிறது. வைப்பியோ முழுக்கப் பறவைகள் கீச்சுக்கீச்சென்று பேசுகின்றன, நான் தப்பிவிட்டேன் என்கிறாள். நான் அகப்பட மாட்டேன், மலைமேல் மூடுபனி நான் என்கிறாள். பெற்றவர்களுக்குச் செல்லம், பாட்டன் பாட்டி கழுத்துக்கு மாலை என்கிறாள். காற்றில் வந்த மணம் புனா பக்கத்திலிருந்து வந்தது என்கிறாள்.

பறவை எது, மணம் எது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஊர் தூற்றுகிறது. அலர்! குறுந்தொகையைப் புரட்டியவர்களுக்கு இந்தப் பெண்ணைத் தெரியும். புனாவிலிருந்து வந்தது வெறும் பூ மணமில்லை, ஓர் ஆள். அருவி என்ன என்பதை அவரவர் யூகத்துக்கு விடுகிறேன். இப்படி வெளியே ஒன்று சொல்லி உள்ளே ஒன்றை வைப்பதற்கு ஹவாய் மொழியில் 'கவோனா' என்று பெயர். நாம் உள்ளுறை என்போம். ஒவ்வொரு ஊரின் மழைக்கும் காற்றுக்கும் அங்கே தனித்தனிப் பெயர் உண்டு. பாட்டில் இன்ன மழை பெய்தது என்றாலே எந்த ஊர், என்ன சேதி என்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். வெளியூர்க்காரனுக்கு மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இனிமையை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் கீழே என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். நிறையவே இருந்தது.

கிதார் எல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது 'மெலே', அதாவது பாட்டாகிய ஓதல். வம்ச வரலாறு, கடவுள் துதி, கடல் வழி, காதல், எல்லாம் அதில்தான். எழுத்து கிடையாது. ஆட்டமில்லாமல் ஓதினால் 'ஓலி'. சுறாத்தோல் கட்டிய முரசும் சுரைக்குடுவையும் சேர்ந்து ஆடினால் ஹூலா. 1820இல் பாதிரிமார் வந்தார்கள், கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார்கள், நான்கு குரலில் சேர்ந்து பாடச் சொல்லிக்கொடுத்தார்கள். 1830இல் மதம் மாறிய ராணி காஅஹுமானு, ஹூலாவைப் பொதுவில் ஆடக்கூடாது என்று தடை போட்டார். ஆட்டம் கிராமங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அதைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தவர் மன்னர் கலாகவுவா. 1883இல் தன் முடிசூட்டு விழாவில் அரண்மனை முற்றத்திலேயே ஹூலா ஆடவைத்தார். விழா நிகழ்ச்சி நிரலை அச்சிட்டவர்மீது ஆபாச வழக்கே நடந்தது, பாட்டுகளின் தலைப்பு அப்படி இருந்ததாம்! உள்ளுறை புரிந்தவன் எவனோ போலீசுக்குச் சொல்லியிருக்கிறான். நான்கு வருஷத்துக்கு முன், 1879 ஆகஸ்டில், ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதேரா தீவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியிருந்தார்கள். கூடவே ஒரு சின்ன நாலு கம்பி வாத்தியம். அந்தக் கப்பலில் வந்த மூன்று தச்சர்கள் பிறகு ஹொனலுலுவில் கடை போட்டு, உள்ளூர் கோஆ மரத்தில் அதைச் செய்து விற்றார்கள். அதுதான் உக்குலேலே. குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்று பொருள் சொல்கிறார்கள், விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து. நாம் ஆங்கிலேயன் மாதிரி 'யுக்' என்று தொடங்கிச் சொல்வது அங்கே காதில் இடிக்கும். மன்னருக்கு அது பிடித்துப்போனது, பிறகென்ன, ஊருக்கே பிடித்துப்போனது.

மன்னரின் தங்கை லிலியுவோகலானி இன்னும் ஒரு படி மேல். ஸ்வரக் குறிப்பைப் பார்த்தவுடன் பாடக்கூடியவர், நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கட்டியவர். 1878இல் ஒரு பண்ணையிலிருந்து குதிரையில் திரும்பும்போது, வாசலில் ஒரு ஜோடி கட்டிப்பிடித்து விடைபெறுவதைப் பார்த்துக் கட்டியதுதான் 'அலோஹா ஓயே'. உலகத்தில் ஹவாய்ப் பாட்டு ஒன்றே ஒன்று தெரிந்தவனுக்கு இதுதான் தெரிந்திருக்கும். காதலர் விடைபெற்ற பாட்டு பின்னால் ஒரு நாடு விடைபெற்ற பாட்டாகிவிட்டது. 1891இல் அவர் ராணியானார். 1893 ஜனவரியில் சர்க்கரை முதலாளிகளும் அவர்களுடைய ஆட்களும், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் இறங்கி நிற்க, அவரை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். 1895இல் மக்கள் ஆட்சியை மீட்க முயன்று தோற்றதும், ராணியை அவருடைய அரண்மனையிலேயே ஒரு மாடி அறையில் ஏறக்குறைய எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள்.

அந்த அறையைப் பற்றி நான் நிறைய நினைத்திருக்கிறேன். தாளும் பென்சிலும் உண்டு. வாத்தியம் முதலில் கிடையாது, குரலிலேயே பாடிப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டார். பத்திரிகை கூடாது என்று உத்தரவு. ஆனால் பூ கொடுக்கலாம். ஓர் இளைஞன் தினமும் ராணியின் தோட்டத்திலிருந்து பூப்பறித்து அனுப்பினான், பத்திரிகைத் தாளில் சுற்றி. காவல்காரன் பூவைப் பார்த்தான், ராணி தாளைப் படித்தார். அந்த உதவிக்கு நன்றி சொல்லி அவர் எழுதிய பாட்டில் தாள் வராது, சிறை வராது. பாஓஆகலானி என்ற இடத்தில் பூத்த என் பூ எது, சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கும். கல்யாண வரவேற்பில்கூடப் பாடலாம், அவ்வளவு மென்மை.

ராணியை இறக்கிய கையோடு புதிய ஆட்சி அரண்மனை பேண்டு வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. மாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் கல்லைத்தான் தின்ன வேண்டிவரும் என்றார்கள் மேலே இருந்தவர்கள். வாத்தியக்காரர்கள் எலன் பிரெண்டர்காஸ்ட் என்ற அம்மையாரிடம் போய், இதைப் பாட்டாகக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் கட்டிக்கொடுத்தார். உங்கள் காசு எங்களுக்கு வேண்டாம், கல் போதும், இந்த மண்ணின் அதிசயச் சாப்பாடு அது. 'கவுலானா நா புவா' என்பது பாட்டின் பெயர், புகழ்பெற்ற பூக்கள் என்று பொருள், 'கல் தின்னும் பாட்டு' என்றும் சொல்வார்கள். மெட்டு எப்படி இருக்கும் தெரியுமா? உற்சாகமாக, காலால் தாளம் போடவைக்கிற மாதிரி! மொழி தெரியாத எவனும் கைதட்டிவிட்டுப் போவான். நானே ஒரு காணொளியில் இதைக் கேட்டுக்கொண்டு காய்கறி நறுக்கியிருக்கிறேன். பொருள் தெரிந்த நாளில் கத்தியைக் கீழே வைத்தேன்.

1896இல் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகளை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி கைநழுவியது. பாட்டு மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது, ஹோட்டல் வாசலில் பாதி ஆங்கிலத்தில். 1935 முதல் 1975 வரை வைகிகியில் மோஆனா ஹோட்டலின் ஆலமரத்தடியிலிருந்து 'ஹவாய் கால்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சி உலகத்துக்குப் போனது. அலைச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக மைக்கைத் தண்ணீர் ஓரத்துக்கே தூக்கிக்கொண்டு போவார்களாம். என் மனதில் இருந்த தென்னை மரப் படம் அங்கே அச்சானதுதான். அதை மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் ஹோட்டல் வேலை, ராத்திரி வீட்டுப் பின்கட்டில் சொந்த வேலை என்று இரண்டையும் செய்த கைகள்தான் இரண்டையும் காப்பாற்றின.

திருப்பம் 1969இல் வந்தது. பீட்டர் மூன், ராபர்ட் கசிமேரோ, ரோலண்ட் கசிமேரோ என்ற மூன்று இளைஞர்கள் 'சண்டே மனோவா' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். தட்டின் பெயர் கொய்யாப்பழ ஜாம். முதல் பாட்டே கலாகவுவா மன்னரைப் புகழும் பழைய ஓதல், சுரைக்குடுவைத் தாளத்துக்குக் கிதார்கள் பின்னே ஓடி வருகின்றன. தாத்தாவின் ஓதலை ராக் கேட்ட பேரன் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் எல்லாம் அடுத்தடுத்து நடந்தது. ஹிலோ நகரில் கலாகவுவா பெயரால் நடக்கும் விழாவில் 1971இல் ஹூலா போட்டி தொடங்கியது. 1976இல் பழைய முறைப் பாய்மரப் படகு ஒன்று கருவி எதுவும் இல்லாமல், நட்சத்திரம் பார்த்து டஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் ஹெல்ம் என்ற பாடகர், அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகிக்கொண்டிருந்த கஹோஓலவே தீவைக் காப்பாற்றப் போராடி, 1977 மார்ச்சில் அந்தத் தீவையொட்டிய கடலில் காணாமலே போனார். வயது 26. 1978இல் ஹவாய் மொழி மறுபடி அரசு மொழியானது.

ஹெல்ம் பாடியது கீச்சுக்குரலில். இதைப் பற்றி நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும், என் காதோடேயே. நம் சங்கீதத்தில் இயல்பான குரல் எட்டாத இடத்துக்கு மெலிந்த குரலில் தாவினால் அதற்குக் கள்ளக்குரல் என்று பெயர். பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. என் பாட்டு வாத்தியார் அதைக் கேட்டால் தொடையில் தட்டுவதை நிறுத்திவிடுவார். ஹவாயில் அதுதான் அழகு. அதுவும், குரல் கீழிருந்து மேலே தாவும்போது நடுவில் 'டக்' என்று ஓர் உடைசல் வருமே, நாம் மறைக்கப் பாடுபடுகிற இடம், அதை அவர்கள் வேண்டுமென்றே காட்டுகிறார்கள். ஓதலில் இருந்த பழக்கமாம். ஜெனோவா கேயாவே என்ற அம்மா, 1918இல் பிறந்தவர், எண்பது வயதுக்கு மேலும் வாராவாரம் மேடையேறியவர். 'ஆலிகா' என்ற பாட்டில் ஒரு சுரத்தைப் பிடித்தால் விடமாட்டார். கேட்பவர்கள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், மறுபடி கைதட்டுவார்கள், சுரம் அப்படியே நிற்கும். பூப்போட்ட கவுனும் மூக்குக்கண்ணாடியுமாக, கையில் உக்குலேலே தானாக ஓட, அம்மா எதுவுமே நடக்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் தடவை காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த உடைசலை முயன்று பார்க்கிறேன்.

இஸ்ரேல் கமகவிவோஓலேயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை யாரும் விடமாட்டீர்கள். 'ஓவர் தி ரெயின்போ' என்ற வானவில் பாட்டைப் பாடியவர். 1988இல் ஒரு நடுராத்திரிக்கு மேல் ஹொனலுலுவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் மூடப்போகும் நேரம். இஸ்ரேல் வந்தார், பெரிய உடம்பு, உட்கார ஓர் இரும்பு நாற்காலியைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒரே தடவை, ஒரே மூச்சு, போய்விட்டார். ஐந்து வருஷம் நாடா சும்மா கிடந்து, 1993இல்தான் தொகுப்பில் ஏறியது. உலகமே அந்தப் பாட்டைக் கேட்டது. நான் சொல்ல வருவது அதே தொகுப்பில் இருக்கும் 'ஹவாய் 78' பற்றி. பழைய அரசனும் அரசியும் இன்றைக்குத் திரும்பி வந்து, நெடுஞ்சாலையையும் போக்குவரத்து விளக்கையும் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்கும் பாட்டு. வானவில் பாட்டை நூறு தடவை கேட்டவர்கள் ஒரு தடவை இதைக் கேளுங்கள். அதே குரல்தான், அதே மென்மைதான். 1997இல் 38 வயதில் இறந்தபோது அவர் உடலை ஹவாய்ச் சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். அதற்கு முன் அந்த மரியாதை ஓர் ஆளுநருக்கும் ஒரு செனட்டருக்கும் மட்டும்தான் கிடைத்திருந்தது.

இன்றைக்கு? ஜேக் ஷிமாபுகுரோவின் உக்குலேலே வேகம் மலைக்க வைக்கிறது, ஆனால் மூன்றாவது பாட்டில் எனக்கு மூச்சு வாங்குகிறது. தீவுகளில் காரைத் திறந்துவிட்டு இளவட்டங்கள் கேட்பது ரெகே கலந்த பாட்டு, எனக்கு ஒட்டவில்லை, வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கிராமி விருதில் 2005இல் ஹவாய் இசைக்கென்று ஒரு பிரிவு வைத்தார்கள். முதல் விருதே பாட்டு எதுவும் இல்லாத ஸ்லாக்-கீ தொகுப்புக்குப் போனது. சொல்லே உயிராக இருக்கிற மரபில் சொல்லே இல்லாத தட்டுக்குப் பரிசு! பாடகர்கள் புகைந்தார்கள். 2011ஓடு அந்தப் பிரிவும் போயிற்று. நான் விரும்பிக் கேட்பது கேயாலிஇ ரைஷெலை. ஓதல் கற்றவர், மவுயி தீவில் ஹவாய்மொழிக் குழந்தைப் பள்ளி தொடங்கியவர்களில் ஒருவர். அப்புறம் கலானி பேஆ. ஹவாய்மொழி வழியிலேயே பள்ளிப்படிப்பை முடித்தவர், 2017இல் தொடங்கி நான்கு கிராமி வாங்கிவிட்டார். 1896 சட்டத்துக்குப் பதில் சொல்ல 120 வருஷம் ஆகியிருக்கிறது.

போன மாதம் மகளின் கிதாரில் ஒரு பிருடை வழுக்க ஆரம்பித்தது. கீழவீதியில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் துடைத்து, எண்ணெய் விட்டு, பளபளவென்று வைத்திருந்தார்.

"கம்பியெல்லாம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு சார். யாரோ தெரியாதவங்க கை வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் ஏத்திக் கரெக்டா வெச்சுட்டேன்."

"ரொம்ப நன்றிங்க" என்றேன். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பி.